தற்போதைய பயன்பாடு: ஏதுமில்லை

எங்கள் மன்றத்தின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பாதி தூரம் போயிருப்பார். சமூக நீதிக்கும் மக்கள் பணிக்குமான அனைத்துத் துறை மாணவர் மன்றம். பல்கலைக்கழகம் திறக்கும் வாரத்தில் புது மாணவர்களைப் பிடிக்க ஒவ்வொரு மன்றமும் முற்றத்தில் மேசை போடும். எங்கள் மேசைக்கு வருகிறவர்கள், நடன மன்றம் எந்தப் பக்கம் என்று வழி கேட்க வருகிறவர்கள். எங்கள் தலைவன் அவர்களையும் விடமாட்டான். பேனாவைக் கையில் திணித்து, "வழி சொல்றேன், முதல்ல இங்க ஒரு கையெழுத்து" என்பான். இப்படிச் சேர்த்ததில் பட்டியலில் அறுபத்துநாலு பேர். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதினோரு பேர், அதுவும் பிஸ்கட் உண்டு என்று சொன்னால்.

தலைவனுக்கு மைக் என்று பெயர் வைத்திருந்தோம். காதோடு ரகசியம் சொன்னால்கூட அடுத்த வகுப்பில் பாடம் நின்றுவிடும், அப்படியொரு தொண்டை. செயலாளர் நான். தேர்தலில் ஜெயித்தெல்லாம் வரவில்லை, படிவம் நிரப்பும் பொறுமை எனக்கு மட்டும்தான் இருந்தது.

கூட்டம் நடத்துவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கை தட்டுவது ஆணவம் என்று மைக் எங்கோ படித்துவிட்டு வந்ததால், சம்மதம் என்றால் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். சம்மதமில்லை என்றால் கீழே தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். வெளியாள் பார்த்தால் எல்லோரும் நகப்பூச்சைக் காயவைக்கிறோம் என்று நினைப்பார். நாற்பத்தொரு பக்க விதிப்புத்தகமும் உண்டு. அதில் இருபத்தேழாவது விதி மைக்கின் சொந்தச் சரக்கு: மன்றப் பொறுப்பில் இருப்பவரின் உறவினருக்கு மன்றத்தில் ஓட்டு கிடையாது. குடும்ப ஆட்சியை வேரோடு அறுக்கிற விதி என்றான். அன்றைக்கு எல்லோரையும்விட வேகமாக விரலை ஆட்டியது நான்தான்.

உழைக்கும் மக்களைப் பற்றி என்னால் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேச முடியும். அந்த உழைக்கும் மக்களில் ஒருத்தி நான் படிக்கும் கலைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியைத் தினமும் துடைக்கிறாள், அவள் என்னைப் பெற்றவள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

அது அம்மாவே ஆரம்பித்து வைத்தது. நான் சேரப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம், தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அங்க என்னப் பாத்தா பாக்காத மாதிரி போயிரு. எனக்கும் வேலை இருக்கும், உனக்கும் படிப்பு இருக்கும்."

நான் உடனே, "சரிம்மா" என்றேன். கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஏம்மா என்றாவது கேட்டிருக்கலாம். அம்மா கழுவி வைத்த தட்டையே எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

அதற்குப்பிறகு அவள் நடித்த நடிப்பு இருக்கிறதே, நாடக மன்றத்துக்காரர்கள் வந்து பாடம் கற்க வேண்டும். நடைபாதையில் நான் தோழிகளோடு நிற்பேன். மாப்பைத் தள்ளிக்கொண்டு வந்து, "கால எடும்மா" என்பாள், ஊர் பேர் தெரியாதவளிடம் சொல்வது போல அத்தனை மரியாதையாக. வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கி எப்படி, அசந்துட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். மூன்று வருஷம் அப்படிச் சிரித்தோம்.

மன்றத்துக்கு அறை கிடையாது. கலைக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில்தான் கூட்டம். மேலே ஆட்கள் ஏறி இறங்கும்போது தலையில் தூசி விழும், நீதியைப் பற்றிப் பேசும்போது இருமல் வரும். அதனால், மக்கள் பணி செய்யும் மன்றங்களுக்குக் காலி அறைகளை ஒதுக்கப் போகிறோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் மைக்குக்குத் தலைகால் புரியவில்லை.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், நடைபாதைக் கடைசியில் பதினாலாம் எண் அறை. மாலை நாலு மணிக்கு நாங்கள் போய்ப் பார்த்தோம். எங்கள் கூட்டமே நாலரைக்குத்தான் என்பதால் எதையும் நாலுக்கு முன்னால் பார்த்து எங்களுக்குப் பழக்கமில்லை. ஒரு நீள பெஞ்சு, ஒரு தொட்டி, ஒரு கெட்டில், சுவரில் ஒன்பது கொக்கிகள், அலமாரியில் சில டப்பாக்கள். ஒரு ஈ காக்கை இல்லை. போஸ்டர் வரைகிற பெண் தன் போனில் படம் எடுத்துத் தள்ளினாள். "ஒம்பது கொக்கி, ஒம்பது பேனர் மாட்டலாம்" என்றாள். மைக் பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த அறை நமக்காகவே காத்துக்கிட்டிருந்திருக்கு" என்றான்.

படிவத்தில் பதினேழு கேள்விகள். ஒன்பதாவது கேள்வி, அறையின் தற்போதைய பயன்பாடு. ஏதுமில்லை என்று எழுதினேன். அறையிலுள்ள பொருட்கள் என்ற இடத்தில், யாரோ விட்டுச் சென்ற பழைய சாமான்கள். அனுமதி கிடைத்தால் படிவத்தின் நகலை அறைக் கதவில் ஒட்டுவார்கள் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் வழக்கத்தைவிடப் பெரிதாகவே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அனுமதி வந்தது. மத்தியானத்துக்குள் போஸ்டர் தயார். நமக்கென்று ஓர் இடம், திறப்பு விழா வியாழன் காலை பத்து மணி. பின்னணியில் அறையின் புகைப்படம், ஆளுயரத்துக்கு. எல்லோரும் விரலை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே படத்தைப் பார்த்தேன்.

அலமாரியில் ஒரு நீல டப்பா. மூடியின் ஒரு மூலை உருகிச் சப்பையாக இருந்தது. பத்து வயதில் அதை அடுப்பு மேலே வைத்து உருக்கியது நான். முதுகில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. என் விரல்கள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா, அவ்வப்போது வேலையிடத்திலேயே மறந்துவிட்டு வரும் அதே டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க நீ எங்க உக்காந்து சாப்பிடுவ?"

"என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"பதினாலுலதான். ஒம்பது பேரும் அங்கதான் துணி மாத்துவோம், பத்து மணிக்கு ஒரு டீ குடிப்போம். இப்ப அதையும் எடுத்துட்டாங்க. ஏதோ பசங்க சங்கமாம். ஏழைங்களுக்காகப் பாடுபடறாங்களாம்."

"அப்ப நீங்க எங்க போவீங்க?"

"படிக்கட்டுக்கு அடியில ஒரு இடம் காலியாகுதாம். வியாழக்கிழமையிலேர்ந்து அங்க போகச் சொல்லிட்டாங்க."

அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மூன்று வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. கண்ணில் பட்டால் தெரியாதது போலப் போகிறவளுக்கு, கண்ணில் படாதபோது அவள் எங்கே இருக்கிறாள் என்று எதற்குத் தெரிய வேண்டும். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

செவ்வாய் காலை முதல் வேலையாகப் பதினாலாம் எண் கதவுக்கு ஓடினேன், அந்த நகலைக் கிழித்துப் போட. அங்கே பாதி கிழிந்த டேப் துண்டு நாலு மட்டும் இருந்தது, காகிதம் இல்லை. காற்றில் போயிருக்கும், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரைக்குக் கூட்டத்தில் எழுந்தேன். "அந்த அறைய துப்புரவு வேலை செய்யறவங்க பயன்படுத்தறாங்களாம்."

"யார் சொன்னா?" என்றான் மைக்.

"கேள்விப்பட்டேன்."

மைக்கின் கண் கலங்கிவிட்டது. வேஷமில்லை, அவனுக்கு நிஜமாகவே கலங்கும். "எவ்வளவு பெரிய அநியாயம். யார் பண்ணது இத?"

"நாமதான்."

மேலே யாரோ இறங்கினார்கள், எல்லோர் தலையிலும் தூசி விழுந்தது. பிறகு சட்டம் படிக்கிறவன் விதிப்புத்தகத்தை விரித்தான். எந்தக் கூட்டத்திலும் அவன் அதை விரிக்காமல் இருந்ததில்லை. "பாதிக்கப்பட்டவங்க இல்லாம அவங்களப் பத்தி முடிவு எடுக்கக் கூடாது. மூணாவது விதி."

"அறைய எடுக்கும்போது மட்டும் முடிவு எடுத்தோமே?"

"அப்ப அவங்க பாதிக்கப்பட்டவங்கன்னு நமக்குத் தெரியாதே."

"சரி, அவங்களக் கூப்பிடலாம்."

"கூட்டம் நாலரைக்கு" என்றான். "அவங்க விடிகாலைல வந்து ஒரு மணிக்கெல்லாம் போயிடறாங்க. நாம நேரம் ஒதுக்கியும் வரலேன்னா, ஆர்வமில்லன்னுதான் எழுத வேண்டியிருக்கும்."

கடைசியில் ஒரு ஆய்வுக் குழு போட்டார்கள். ஆறு வாரத்தில் அறிக்கை. அதுவரை அறையை மனச்சாட்சியோடு பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. நான் கையைக் கீழே தொங்கவிட்டுத் தனியாக ஆட்டினேன். பத்துப் பேர் மேலே ஆட்டினார்கள்.

புதன்கிழமை கட்டட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரே ஒரு குமாஸ்தா, ஃபைல்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது.

"சார், அந்த அறைல ஒம்பது பேர் உக்காந்து டீ குடிக்கறாங்க."

"யாருமில்லன்னு படிவம் சொல்லுதே."

"நீங்க தினமும் அந்த வழியாத்தான சார் வர்றீங்க? நீங்களே பாத்திருப்பீங்களே."

"பாத்திருக்கேன். எனக்கும் ஒரு கப் குடுப்பாங்க." சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூடத் தெரிந்தது. "ஆனா நான் பாத்ததுக்கு ஃபைல் நம்பர் கிடையாதும்மா. மன்றமே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா உண்டு. பொதுக்குழு தீர்மானம் வேணும். குறைஞ்சது இருபது பேர் வரணும், அதுதான் கோரம்."

எங்கள் போன பொதுக்குழுவுக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள், ஜன்னலில் ஒரு புறாவும் இருந்தது. "யார் யார் சார் உறுப்பினர் ஆகலாம்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "கேம்பஸ் கார்டு உள்ள யாரும். நான்கூட ஆகலாம். ஆகமாட்டேன்."

கேம்பஸ் கார்டு இல்லாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் திறக்காது. காலை ஐந்து மணிக்கு எல்லாக் கதவையும் திறக்கிறவர்கள் ஒன்பது பேர். பதினொன்றும் ஒன்பதும் இருபது. நான் விரல்விட்டு மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

அன்று வீட்டில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, நாளைக்கிப் பத்து மணிக்கு ஒம்பது பேரும் கார்டோட பதினாலுக்கு வாங்க. அறை திரும்பக் கிடைச்சாலும் கிடைக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, கூட்டிட்டு வர்றேன். நான் உன்னத் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன், நீ பயப்படாத."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மைக் ரிப்பனோடு நின்றான், திறப்பு விழா என்பதால் பதினோரு பேரும் வந்திருந்தோம். பத்து மணி ஒரு நிமிஷத்துக்கு ஒன்பது பெண்கள் நீலச் சட்டையில் வரிசையாக வந்தார்கள். நான் மைக்கின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: கோரம். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மூன்று வருஷத் தலைமையில் அவன் ஒரு தடவைகூடக் கோரத்தைக் கண்ணால் கண்டதில்லை. எதற்காகக் கோரம் என்றுகூடக் கேட்காமல் ரிப்பனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

அவர்களுக்கு இடைவேளை இருபது நிமிஷம். உறுப்பினர் படிவத்தில் நாலு கேள்விகள்: பெயர், கார்டு எண், துறை, மன்றப் பொறுப்பில் உறவினர் உண்டா. நான் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதலில், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், ஒன்பது பேரில் மூத்தவர்.

"துறை?"

"தரைத்தளமும் கழிப்பறையும்."

எழுதினேன். சட்டம் படிக்கிறவன் எட்டிப் பார்த்தான், ஆனால் அதற்கு எதிராக விதி எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. மைக் பின்னால் நின்று, பன்னெண்டு, பதிமூணு என்று ஏலம் விடுகிறவன் மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான். பத்தொன்பது என்றபோது அவன் குரல் உடைந்தது.

கடைசியாக அம்மா வந்து நின்றாள். பெயரைச் சொன்னாள், கார்டைக் காட்டினாள், இரண்டாம் மாடி என்றாள்.

"மன்றப் பொறுப்புல உறவினர் யாராவது?"

"யாருமில்லம்மா."

கால எடும்மா என்பாளே, அதே குரல். கட்டத்தில் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அறை அவர்களுக்குத் திரும்பிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, மூன்று வருஷம் போட்ட வேஷத்தை இன்னும் பத்து நிமிஷம் போட்டால் முடிந்தது. அம்மாவே அதை என் கையில் கொடுத்துவிட்டாள். ஆனால் ஒரு படிவத்தில் ஏதுமில்லை என்று நான் ஏற்கெனவே எழுதியாயிற்று. பெற்றவளை இரண்டாவது படிவத்திலும் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

"இருக்கு" என்றேன். "பொறுப்புல உறவினர் உண்டு. மகள். நான்தான்."

"ஏய், அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள் அம்மா. அடக்கின குரலில் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது.

சொல்ல ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "இந்த அறைய யாரும் பயன்படுத்தலன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். இங்க இருக்கறதெல்லாம் யாரோ விட்டுட்டுப் போன பழைய சாமான்னு எழுதினதும் நான்தான். எங்கம்மா எங்க உக்கார்றாங்கன்னுகூடத் தெரியாம எழுதினேன்."

போஸ்டர்காரி போனைக் கீழே இறக்கினாள். பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சட்டம் படிக்கிறவன் தொண்டையைச் செருமினான். "இருபத்தேழாவது விதி. செயலாளரோட உறவினருக்கு ஓட்டு கிடையாது. பத்தொம்பது பேர்தான். கோரம் இல்ல."

மைக்கின் முகத்தில் ஈயாடவில்லை. அவனே பெற்று வளர்த்த விதி. கையில் கிடைத்த கோரம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. "விதிய மாத்தலாமா?" என்று கேட்டான், வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில்.

"மாத்தறதுக்கும் கோரம் வேணும்."

இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. நான் குறிப்பு நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதி, கிழித்து மைக்கிடம் நீட்டினேன். "ராஜினாமா. இப்ப நான் செயலாளர் இல்ல, வெறும் உறுப்பினர். எங்கம்மாவுக்கு ஓட்டு உண்டு."

"இருபது" என்றான் மைக். அவன் பழைய தொண்டை திரும்பிவிட்டது, அடுத்த வகுப்பில் பாடம் நின்றது.

"செயலாளர் இல்லாம தீர்மானம் செல்லாது" என்றான் சட்டம் படிக்கிறவன்.

"அதுல என்னப்பா வேலை?" என்று கேட்டார் பெரியக்கா.

"கூட்டத்த நடத்தணும். நடந்தத எழுதி வைக்கணும்."

"நடத்தறது நான் நடத்தறேன். எழுதறதுக்கு இவ இருக்கா. இந்தத் தடவ என்ன எழுதறான்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்." யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்க தைரியம் வரவில்லை. பெரியக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நடுவில் வந்து நின்றார். "இந்த ரூம திருப்பிக் குடுத்துடலாம்கிறவங்க யாரு?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கையைத் தூக்கி விரலை ஆட்டினார்கள்.

"எதுக்கு எல்லாரும் கைய உதறுறீங்க? ஈரமா? சும்மா தூக்குங்க, நான் எண்ணணும்."

தூக்கினார்கள். பத்தொன்பது கைகள். சட்டம் படிக்கிறவன் நடுநிலை என்றான். "அப்படி ஓரமா நில்லு" என்றார் பெரியக்கா. கூட்டம் முடிந்தது. மூன்று வருஷத்தில் எங்கள் மன்றம் ஒரு முடிவை நாலு நிமிஷத்தில் எடுத்தது அன்றுதான். மைக் தீர்மானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டட அலுவலகத்துக்கு ஓடினான். அறையை இழந்தவன் போலவே இல்லை, லாட்டரி விழுந்தவன் போல ஓடினான்.

மற்றவர்கள் கலைந்தார்கள். நானும் கிளம்பினேன். பெரியக்கா கூப்பிட்டார். "இங்க வா. எங்க டப்பாவெல்லாம் யாரோ விட்டுட்டுப் போன பழைய சாமானா?"

"தப்புதான் பெரியக்கா."

"தப்புதான்." பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கெட்டிலிலிருந்து ஊற்றி ஒரு கப்பை என் பக்கம் நகர்த்தினார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. உக்காந்து குடி."

உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீல டப்பாவைத் திறந்தாள். நாலு துண்டு ரொட்டி. ரொட்டிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம், மூலைகளில் டேப்பின் மீதிப் பாதி ஒட்டியிருந்தது. மற்றவர்கள் பார்க்காதபடி என் மடியில் வைத்தாள். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, என் பெரிய கையெழுத்து பின்பக்கம்வரை தெரிந்தது.

"திங்கக்கிழமையே கதவுல ஒட்டிட்டுப் போனாங்க" என்றாள். "இவங்க பாக்கறதுக்கு முன்னாடி பிச்சிட்டேன்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஸ்கூல் ரிப்போர்ட்ல எனக்குப் பதிலா நீயே போடுவியே, அதையுங்கூடக் கண்டுபிடிச்சவதான நான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன்." ஒரு ரொட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். "மூணு நாள் ஆயிடுச்சு உனக்கு."

அழுகை வந்தது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் ரொட்டியை வாயில் திணித்து அதை அடைத்தேன்.

மன்றம் படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பெரியக்கா செயலாளராகவே நீடிக்கிறார். கூட்டம் இப்போது காலை பத்து மணிக்கு, இருபது நிமிஷத்துக்கு மேல் ஒருவரும் பேச முடியாது. பிஸ்கட் இல்லாமலே ஆட்கள் வருகிறார்கள்.

அறை திரும்பக் கிடைத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, இரண்டாம் மாடி நடைபாதையில் வகுப்பு மாறுகிற நேரம். முப்பது நாற்பது பேர் நின்றார்கள், எங்கள் பேராசிரியரும் நின்றார். எதிரே அம்மா மாப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பழக்க தோஷம், என் கண் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. நான் அதைப் பிடித்து இழுத்து அவளைப் பார்த்தேன்.

அம்மா நின்றாள். யாருக்காவது கேட்குமே என்று குரலைத் தணிக்கவில்லை. "காலைல சாப்பிடாம வந்துட்டியாடி?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

"பதினாலுல டப்பா இருக்கு. போய்ச் சாப்பிடு. ஓரமாப் போ, இப்பத்தான் துடைச்சேன்."

நான் ஓரமாகப் போனேன்.